இருபத்திரண்டு அடி நடைவழி

ஓய்வுபெற்ற நில அளவையர் தன் மூத்த மைத்துனரின் பெயரை மறந்த அன்று, அவருடைய படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த நடைவழி நான்கு அடி நீண்டது. மனைவிதான் முதலில் பார்த்தாள். கோடிக்குக் கோடி விரித்திருந்த விரிப்பு எட்டாமல் தரை தெரிந்தது. அவர் நாடாவால் அளந்தார். இருபத்தாறு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவரே போட்ட வரைபடத்தில் இருபத்திரண்டு. "நாடா பொய் சொல்லாது, வீடுதான் தப்பு" என்று வரைபடத்தைத் திருத்தினார்.

அடுத்து எதிர்வீட்டுக்காரர் பெயர் போனது, பிறகு கத்தரிக்கோல், பிறகு வியாழக்கிழமை. ஒவ்வொன்றுக்கும் நடைவழி சில அடிகள் நீண்டது. "அப்பாவுக்கு வயசாச்சும்மா, நடை குறைஞ்சிருக்கும்" என்றான் மகன் தொலைபேசியில். "எனக்கும் மூச்சு வாங்குதேடா" என்றாள் அவள்.

மருத்துவர் அவரை நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொன்னார். எண்பத்தாறு வரை சரியாக வந்தது. அதற்குமேல் எண் வரவில்லை, காலும் எழவில்லை. மருத்துவமனையின் தாழ்வாரம் நீண்டுகொண்டே போக, மறுகோடியில் நின்ற நர்ஸ் விரலளவு ஆனாள். மருத்துவர் நர்ஸைக் கையசைத்து அழைத்துவிட்டு மனைவியிடம் திரும்பினார். "ஞாபகம் தளர்ந்தா நடையும் தளரும்மா, அது நாங்க பாக்கறதுதான். கட்டடம் தளர்ந்து நான் பாத்ததில்ல." நர்ஸ் வந்துசேரக் கால்மணி நேரம் ஆயிற்று.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம். தினமும் காலையில் சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்குமுன், "என் பேரச் சொல்லுங்க" என்று கத்துவாள். "காலங்காத்தால இதென்ன பரீட்சை?" என்று அலுத்துக்கொண்டே அவர் சொல்லுவார். இரண்டு ஆண்டுகள் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். நடைவழியின் மறுகோடி கண்ணுக்கே தெரியவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, காபியை ஃபிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு நடந்தாள். வழியில் இரண்டு முறை உட்கார்ந்தாள். போய்ச் சேர்ந்தபோது மதியமாகியிருந்தது. கட்டில் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா."

"உக்காருங்க. கால் வலிக்கும்."

உட்கார்ந்தாள். காபி இன்னும் சூடாக இருந்தது. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டையும் சேர்த்தே கட்டிக்கொண்டு, விடிந்ததும் கிளம்பினாள்.