பத்துக்கு நாலு வாங்கிய அம்மா

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. 1994இல் ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் இருந்த வஹீதுன்னிசா சொன்னது. "கதை எழுதறவளா நீ? அப்ப இத எழுதும்மா. ஆனா என்னிய அழ வெச்சி எழுதாத" என்றார்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'ஏழு வயதாகியும் பேசாத மகனைப் பெற்ற அந்தத் தாயின் கண்களில்...'

அடித்துவிட்டேன். அவர் கண்களில் இருந்தது ரோட்டுத் தூசி.

2

பஸ் பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன், ஆவடியில் ஒரு கல்யாண மண்டபம். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகும் இளைஞர்களுக்குப் பயிற்சி. எதை ஆராய வேண்டும் என்று குடும்பத்தாரிடமே கேட்கப் பழக வேண்டும், அதுதான் பாடம். நடத்தியவர் பக்தவத்சலம். (இவரை வில்லனாக்கிப் பார்த்தேன். நல்ல மனிதர், ஒத்துழைக்கவில்லை.)

காலையில் ஒத்திகை: ஒரு மாணவி அம்மாவாக நடிப்பாள், இன்னொருவர் கேள்வி கேட்பார். நிஜமான அம்மா பேசுவது மதியம்தான்.

அந்த நிஜ அம்மா வஹீதுன்னிசா. காலையிலேயே வந்துவிட்டார். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது நடிப்பவளுக்கான நாற்காலி. முதல் நாள் என்பதால் யாருக்கும் யார் முகமும் தெரியாது. எதிரே இருந்த மாணவன் குணசேகரன் கேட்டான்:

"உங்க பையனுக்கு எதும்மா ரொம்பக் கஷ்டம்?"

"முடி வெட்றதுதாம்பா. கத்திரிக்கோல் சத்தம் கேட்டாலே அலறுவான். இன்னிக்குக் காலைல பாதி மண்டை வெட்டிகினு இருக்க சொல்லோ எழுந்து ஓடிட்டான். பார்பரும் ஓடறாரு, எங்க ஊட்டுக்காரரும் ஓடறாரு..." அதற்குமேல் சொல்லவிடாமல் அவருக்குச் சிரிப்பு பீறிட்டது.

பக்தவத்சலம் கைதட்டி நிறுத்தினார். "நடிப்பு சரியில்லம்மா. இப்படி ஒரு பையனப் பெத்தவங்க சிரிப்பாங்களா? பத்துக்கு நாலு."

3

(உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று பஸ்ஸில் கேட்டேன். "மார்க்க கொறச்சிட்டாரே, அந்தக் கோவம்" என்றார்.)

"எப்பிடி பண்ணணும் சார்? நீங்க செஞ்சி காட்டுங்க."

செய்து காட்டினார். கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வஹீதுன்னிசா எழுந்து போய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அழாதீங்க சார். உங்க புள்ளைக்கு இன்னா?"

அந்த நேரம் பார்த்து, பையனைச் சமாளிக்க முடியாத அவர் கணவர் அப்துல் ஜப்பார் அவனை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஹாஜா மொய்தீனுக்கு ஒரு பக்கம் மொட்டை மாதிரி, மறுபக்கம் காடு. ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

பக்தவத்சலம் கைக்குட்டையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "மன்னிச்சிடுங்கம்மா. பத்து போட்டுடறேன்."

"மார்க்கு வாணாம் சார். முடிக்கு ஒரு வழி கண்டுபுடிங்க."

குணசேகரன் தாளில் எழுதினான்: 'பயப்படும் குழந்தைக்கு அழவைக்காமல் முடி வெட்டுவது எப்படி?' அந்த வகுப்பின் முதல் ஆராய்ச்சிக் கேள்வி அது. அனுமதி கேட்டு நகரத்திலிருந்த கமிட்டிக்குப் போனது.

4

முடிவு அ: 'இது சலூன் விஷயம்' என்று கமிட்டி திருப்பி அனுப்பியது.

முடிவு ஆ: அனுமதி கிடைத்தது. குணசேகரன் சலூன் சலூனாக உட்கார்ந்து குறிப்பெடுத்தான். அவனைப் போலீஸ் என்று நினைத்து...

(வேண்டாம், ரொம்ப நீளும்.)

உண்மையில் என்னதான் ஆனது? நான் கேட்டபோது பஸ் கரையான்சாவடியில் நின்றது. "இன்னும் அவங்க மேசை மேலதான் கீது" என்று சொல்லிவிட்டு வஹீதுன்னிசா இறங்கிப் போய்விட்டார்.

ஆகவே வாசகரே, கமிட்டியில் நீங்களே உட்காருங்கள். சாவகாசமாக யோசியுங்கள் என்று சொல்லமாட்டேன். பையனுக்கு முடி வளர்ந்துகொண்டிருக்கிறது.