மூன்று தாராவில் முப்பத்தோராம் நாள்

1

இந்தக் கதையை நான் எழுதியிருக்கக் கூடாது. என்னிடம் கேட்கப்பட்டது ஒரு கடிதம். அரைப் பக்கம், ஆங்கிலத்தில், மன்னிப்புக் கேட்டு. அதை எழுதத் துப்பில்லாமல்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

கேட்டவர் தவநாயகி அக்கா. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். பதினேழு வருடம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவர். போன சித்திரையில் ஒரு நாள், வாங்கிய இடியப்பத் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனவனைப் பிடித்து இருத்திவிட்டார்.

“தம்பி, நீர் எழுதுற ஆள்தானே. றோய்க்கு ஒரு கடிதம் எழுதித் தாரும்.”

“ஆர் றோய்?”

“ஜெனற்றின்ரை மனிசன்.”

“ஆர் ஜெனற்?”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “செத்துப்போனவள்,” என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேத்திலைப் போட்டார்.

2

முதல் தொடக்கம்: லண்டனில் மழை பெய்துகொண்டிருந்தது. ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பழைய பப்பின் விளக்குகள்

(நிறுத்திவிட்டேன். அக்கா பப்புக்குப் போன அன்றைக்கு நல்ல வெயிலாம். லண்டன் என்றதும் மழையில் தொடங்கும் வியாதி எனக்கும் உண்டு.)

இரண்டாவது: மொழி, நிறம், மதம் அனைத்தையும் கடந்த இரு பெண்களின் நட்பு

(இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். “கண்டறியாத கடப்பு! நாங்கள் ரெண்டுபேரும் உருளைக்கிழங்கு தோல் சீவினனாங்கள்,” என்றார்.)

சரி, உருளைக்கிழங்கிலேயே தொடங்குகிறேன்.

3

ஜெனற்றும் தவநாயகியும் பதினேழு வருடம் ஒரே மேசையில் நின்று உருளைக்கிழங்கு தோல் சீவினார்கள். ஜெனற் வாய் ஓயாமல் பேசுவாள். தவநாயகி “யெஸ், யெஸ்” என்பார். முதல் இரண்டு வருடம் விளங்காமல் சொன்ன யெஸ், பிறகு விளங்கிச் சொன்ன யெஸ்.

ஒவ்வொரு பள்ளித் தவணையும் முடிகிற வெள்ளிக்கிழமை, சமையலறை ஆட்கள் எல்லாரும் ‘மூன்று தாரா’* என்ற பப்புக்குச் சாப்பிடப் போவார்கள். ஒவ்வொரு முறையும் ஜெனற் கேட்பாள். வெள்ளிக்கிழமை தவநாயகிக்குச் சைவம். “நெக்ஸ்ற் ரைம்,” என்பார். விடுமுறை முடிந்து வந்ததும், தான் சாப்பிட்ட, மாவால் மூடிச் சுட்ட மாட்டிறைச்சிப் பையை ஜெனற் துண்டு துண்டாக வர்ணிப்பாள்: மேல்மா எப்படி மொறுமொறுத்தது, உள்ளே குழம்பு எப்படிக் கொதித்தது. பிறகு அடுத்த தவணை முடிவில் மறுபடி கேட்பாள்.

* தாரா என்றால் வாத்து. உண்மையான பெயர்ப்பலகையில் வேறொரு பிராணி நிற்கிறது. அது யாருக்கும் தெரியவேண்டாம்.

வருடத்துக்கு மூன்று தவணை. பதினேழு வருடம். ஐம்பத்தொரு முறை.

“வேறை ஒரு நாளில கேட்டிருந்தா போயிருப்பியளோ அக்கா?”

அக்கா யோசித்தார். “தெரியாது தம்பி. குடிக்கிற இடம், ஆக்கள் பாப்பினம் எண்டு வேறையும் இருந்தது. வெள்ளிக்கிழமை நல்ல சாட்டாப் போச்சு.”

(இந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை. இந்தக் கதையிலேயே உண்மையான வரி இதுதான்.)

4

ஜெனற் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தாள். இந்த ஊரில் செத்தவீடு ஆறுதலாக, மெல்லத்தான் வரும். இருபத்துமூன்றாம் நாள் புதன்கிழமைதான் தகனம். தவநாயகி போனார், பின்வரிசை வாங்கில் இருந்தார், அழுதார். முடிந்ததும் வீட்டுக்கு வந்து தலைமுழுகுவதுதான் எண்ணம். ஆனால் கூட வேலை செய்த ஒருத்தி கையைப் பிடித்துக் காரில் ஏற்றிவிட்டாள். எல்லாரும் மூன்று தாராவுக்குப் போகிறார்கள், ஜெனற் அப்படித்தான் கேட்டுக்கொண்டவள், என்றாள்.

ஐம்பத்தொரு முறை போகாத இடத்துக்கு ஐம்பத்திரண்டாம் முறை இப்படிப் போய்ச் சேர்ந்தார்.

உள்ளே பதிந்த கூரை, கறுத்த மர உத்தரங்கள், கணப்புக்கு மேல் பித்தளைச் சாமான்கள், நிலம் முழுக்கப் பூப்போட்ட காபற். (“சாப்பிடுற இடத்தில காபற்! ஆர் கழுவுறது?” இது சமையலறைக்காரியின் கண்.) சனம் சிரித்தது, குடித்தது, ஜெனற்றின் பகிடிகளைச் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்தது. தவநாயகி கோட்டைக் கழற்றாமல் யன்னலோரம் நின்றார். சவம் பார்த்த உடம்பு. குளிக்காமல் பச்சைத்தண்ணியும் வாயில் வைப்பதில்லை.

அப்போது றோயே ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். சான்ட்விச், சொசேஜ் ரோல், ஒரு துண்டு கேக்.

“ஒருக்கா எண்டாலும் நீ இங்கை வந்து சாப்பிட வேணும் எண்டு அவள் சொல்லிக்கொண்டே இருந்தவள்,” என்றார் ஆங்கிலத்தில். தட்டைக் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

தவநாயகி அந்தத் தட்டை அரை மணித்தியாலம் ஏந்திக்கொண்டு நின்றார். பிறகு யன்னல் விளிம்பில், திரைச்சீலைக்குப் பின்னால் வைத்தார். கழிவறைப் பக்கத்துக் கதவால் வெளியே வந்து பஸ் எடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. போய்விட்டு வருகிறேன் என்று அங்கே சொல்லலாமா? சொல்லாமல் எழும்பி வருவதுதான் எங்கள் மரியாதை.

மூன்று தாராவின் வாசலில் றோய் நின்று, போன ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து அனுப்பினாராம். அது அவர்கள் மரியாதை. இரவு அந்தக் கூட்டாளி தகவல் அனுப்பியிருந்தாள்: றோய் உன்னைத் தேடினார். உன் தட்டைத் திரைக்குப் பின்னால் கண்டார். என்ன கோபம் உனக்கு?

“பதினேழு வருசம் கேட்டு வரேல்லை. வந்தும் ஒரு வாய் வைக்கேல்லை. என்ன நினைச்சிருப்பார் தம்பி?” என்றார் அக்கா.

5

கடிதம், முதல் வரைவு: அன்புள்ள றோய், எங்கள் வழக்கப்படி, இறுதிச் சடங்குக்குப் போனபின் குளிக்காமல் உண்பது

“ஏன் எண்டு கேப்பாரே,” என்றார் அக்கா.

இரண்டாம் வரைவு: ஏனென்றால் நாங்கள் அதைத் துடக்கு, தீட்டு

“வெட்டும் அதை! உன்ரை மனிசி துடக்கு எண்டு அந்த மனிசனுக்கு எழுதுறதோ?”

மூன்றாவதில் ‘சுகாதாரம்’ என்ற சொல்லைப் போட்டேன். அக்கா பேனையைப் பிடுங்கிவிட்டார். எட்டு வரைவு எழுதினேன். பொய்யில்லாமல் எழுதினால் குத்தியது, குத்தாமல் எழுதினால் பொய்யாகப் போனது. எழுத்தாளன் என்று ஊருக்குள் பெயர் மட்டும் இருக்கிறது.

“விடும். உம்மாலை ஏலாது,” என்று அக்கா எழும்பிப் போய்ச் சுவரில் தொங்கிய கோயில் கலண்டரைப் பார்த்தார். ஜெனற் செத்த செவ்வாயில் இருந்து விரல்விட்டு எண்ணினார். “வாற வியாழன் முப்பத்தொண்டு. துடக்குக் கழிஞ்சு, செத்த ஆளுக்குப் படைக்கிற நாள்.”

வியாழக்கிழமைகளில் றோய் மத்தியானம் மூன்று தாராவில்தான் சாப்பிடுவார். ஜெனற் பதினேழு வருடம் சொன்னவற்றில் அதுவும் ஒன்று.

6

இனி நடந்ததை அக்கா சொன்னபடியே சொல்கிறேன். நான் அங்கே இல்லை.

முப்பத்தோராம் நாள் காலையில் தவநாயகி தலைமுழுகினார். ஈரம் காயாத கூந்தலை முடிந்துகொண்டு, பன்னிரண்டு மணிக்கு மூன்று தாராவுக்குள் தனியே போனார். யன்னலோர மேசையில் இருந்தார். யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் என்று இருபது நிமிடம் இருந்தார். ஒருவரும் வரவில்லை. கடைசியில் பக்கத்து மேசைக் கிழவர் சொன்னார், இங்கே பாருக்குப் போய்த்தான் சொல்லவேண்டும் என்று. போனார். இரண்டு சாப்பாடு கேட்டார்: ஒரு மீன் பொரியலும் சிப்ஸும், ஒரு மாட்டிறைச்சிப் பை. மேசை இலக்கம் எழுதிய மர அகப்பை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

“மாடோ? நீங்களோ?” என்றேன்.

“படைக்கிறது செத்த ஆளுக்குப் பிடிச்சது. எனக்குப் பிடிச்சதோ?”

பை வந்தது. தனக்கு எதிரே வெறுங்கதிரைக்கு முன்னால் அதை வைத்தார். கத்தி, முள்ளுக்கரண்டியை நேராக்கினார். ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார், பப்பில், நட்டநடு மத்தியானத்தில். ஆட்கள் பார்த்தார்கள்.

கண்ணைத் திறந்தபோது றோய் நின்றுகொண்டிருந்தார்.

தவநாயகி தன் ஆங்கிலத்தில் சொன்னார்: “முப்பத்தொரு நாள். இண்டைக்கு ஜெனற்றுக்குச் சாப்பாடு. முதல் அவ. பிறகு நாங்கள். அண்டைக்கு எனக்குச் சாப்பிட ஏலாது. இண்டைக்கு ஏலும்.” என் எட்டு வரைவிலும் வராதது அது.

றோய் அந்தப் பையைப் பார்த்தார். மேல்மாவில் இருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்தக் கதிரையில் இருந்தார்.

7

முடிவுகள்.

(அ) றோய் கண்கலங்கி, தவநாயகியின் கையைப் பற்றி

(வேண்டாம். றோய் அப்படிப்பட்ட ஆள் இல்லையாம்.)

(ஆ) றோய் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். (இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அக்கா குளித்துவிட்டுப் போனவர்.)

(இ) நடந்தது: றோய் அந்தப் பையை முழுக்கச் சாப்பிட்டார். தவநாயகி மீனை முழுக்கச் சாப்பிட்டார், தட்டோரம் இருந்த பச்சைப் பட்டாணிக் களியையும் விடவில்லை. சாப்பிட்டு முடியும்வரை றோய் ஒரு வார்த்தை பேசவில்லை. அது துக்கமா, கோபமா, ஆங்கிலேயர் சாப்பிடும் வழக்கமா, எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் அப்போது தெரியவில்லை.

பிறகு தவநாயகி எழும்பினார். இந்த முறை கழிவறைப் பக்கத்துக் கதவைத் தேடவில்லை. முப்பத்தொன்று முடிந்துவிட்டது, இனிச் சொல்லலாம். றோய்க்கு முன்னால் நேராக நின்று, தமிழில் சொன்னார்:

“போயிற்று வாறன்.”

என்ன அர்த்தம் என்று றோய் கேட்டார். அக்கா சொன்னார். றோய் ஒன்று சொன்னார்.

“என்ன சொன்னவர்?” நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன்.

அக்கா எனக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்தார். “அது எனக்குச் சொன்னது தம்பி. உமக்குச் சொல்லேல்லை.”

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். மனிசி மசியவில்லை. ஒன்றை மட்டும் பார்த்தேன்: கோயில் கலண்டரில் வருகிற வியாழக்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தது. அது எதற்கும் இருக்கலாம். பல் வைத்தியராகவும் இருக்கலாம்.

ஆகவே இடம் விடுகிறேன்.

றோய் சொன்னது: “..............................................”

பென்சிலால் எழுதுங்கள். அக்கா வாசிப்பார். பிழையென்றால் அழித்துவிடுவார்.