நாலு மணிக் கசிவு

நான் உருவாக்கிய புரதம் வெளிச்சம் பட்டால் திறக்க வேண்டும், இருட்டில் மூடிக் கிடக்க வேண்டும். செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் குட்டி வாசல் அது. திறந்தால் புரோட்டான்கள் உள்ளே பாயும். என் மானிட்டரில் கோடு எகிறும். பார்வை மங்கியவர்களின் கண்ணுக்கு ஒருநாள் உதவும் என்ற ஆசையில், துளி வெளிச்சத்துக்கும் திறக்கும்படி அதை மூன்று வருடம் மாற்றி மாற்றிச் செய்தேன்.

அந்தச் சனியன் இருட்டிலேயே திறந்தது. அதுவும் சொல்லி வைத்தாற்போல் தினமும் நாலு மணிக்கு.

"இருட்டுல ஒழுகுற கதவை வச்சு என்னம்மா பண்றது? இன்னியோட நிறுத்திடலாம்," என்றார் ஆய்வகத் தலைவர்.

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இருட்டறையின் இண்டு இடுக்கெல்லாம் கறுப்பு டேப் ஒட்டினேன். மானிட்டருக்குச் சிவப்புத் தாள் போர்த்தினேன். சிவப்பு ஒளிக்கு அந்த வாசல் அசையாது.

நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். இதே கட்டடத்தில் லிப்ட் மெக்கானிக். தினமும் டீயை வெளியே வைத்துவிட்டு, கறுப்புத் திரைச்சீலைகளைத் தாண்டி ஓசைப்படாமல் வந்து என் தோளில் கை வைப்பார். வீட்டு மனிதரை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

"டீ ஆறுது."

கோடு எகிறியது. "ஐயோ!" என்று கத்தினேன். பயந்து கையை எடுத்தார். கோடு மெல்ல இறங்கியது.

"திரும்ப வைங்க."

வைத்தார். ஏறியது.

"என் கை பட்டா உனக்குத்தான் ஒண்ணும் ஆகறதில்ல. அதுக்காவது ஆகுதே," என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். அவர் மணிக்கட்டில், கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த ரேடியம் வாட்ச். முள்ளில் மங்கலான பச்சை. துப்பட்டாவால் அதை மூடினேன், கோடு படுத்துவிட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அவர் முகம் வாடியது. "அப்ப உன் வேலையைக் கெடுத்தது நான்தானா?" வாட்ச்சைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க! இத்துணூண்டு வெளிச்சத்துக்கே திறக்குது. இதுக்குத்தானே மூணு வருஷமா தவிச்சேன்?" இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த இருட்டில் நன்றாகவே தெரிந்தது.

தலைவர் வந்தார். வாட்ச்சைப் பத்து தடவை மூடித் திறந்து பார்த்தார்.

"நாளைக்கும் நாலு மணிக்கு இவரை வரச் சொல்லும்மா," என்றார்.

சொல்வானேன்? அவர் எப்படியும் வருவார்.