பஸ்ரியனின் வலது கை

அன்ரனெற் குசினித் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சவர்க்காரத் தூளைக் கொட்டினாள். புருசனின் உடல் இருந்த மலர்ச்சாலைக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. கறுப்புச் சேலை கட்டியாகிவிட்டது. மகள் ஸ்டெபனிக்கும் தலை வாரி இழுத்தாகிவிட்டது. சும்மா இருந்தால் அழுகை வரும். அதனால் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட பையை அவிழ்த்து, புருசனின் ஜக்கெற்றை எடுத்துப் பொக்கற்றுக்குள் கையை விட்டாள். கையில் சுற்றும் துணிப்பட்டிகள் இரண்டும் வழக்கம்போல அங்கே கிடந்தன.

பஸ்ரியன் குத்துச்சண்டைக்காரன். கிழமை நாட்களில் மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. சில சனிக்கிழமைகளில் ரெக்ஸ்டேலில் ஒரு மண்டபத்தில் சண்டை. சண்டை முடிந்ததும் பட்டிகளைப் பொக்கற்றுக்குள் திணித்துக்கொண்டு வருவான். அவள் அவற்றைக் கழுவி, குளியலறைக் கம்பியில் காயப்போட்டு, அடுத்த சண்டைக்குச் சுருட்டி வைப்பாள். வேர்வை நாற்றம் போகவில்லை என்று அவன் குறை சொல்வதும், அப்படியென்றால் நீங்களே கழுவுங்கோ என்று அவள் எரிந்து விழுவதும் அந்த வீட்டில் வழமை.

இடது பட்டியில் வேர்வை நாற்றம்தான். வலது பட்டி விரிய மறுத்தது. உலர்ந்த இரத்தத்தில் மடிப்புக்கு மடிப்பு ஒட்டிப்போயிருந்தது. மெல்லப் பிரித்தாள். வெளிச்சுற்றில் சின்னக் கறைதான். உள்ளே போகப் போக, விரல் முட்டி படுகிற இடத்தில் கறை பெருத்துக்கொண்டே போனது. இது வெளியிலிருந்து தெறித்த இரத்தமில்லை, உள்ளேயிருந்து ஊறி வந்தது. அவன் குத்தியிருக்கிறான். முட்டி உடையும்வரைக்கும் குத்தியிருக்கிறான்.

அன்ரனெற் தண்ணீரை நிறுத்தினாள்.

பஸ்ரியன் செத்ததற்கு ஊரில் இரண்டு கதைகள் உலாவின. பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சொன்னது ஒன்று: மண்டபத்தின் நிலக்கீழ்ப் படியில் தவறி விழுந்து தலை அடிபட்டது. தமிழ்ச்சனத்துக்குள் காதோடு காதாகப் போனது மற்றது: தோற்பதற்குச் சம்மதித்து, நாலாவது சுற்றில் பொய்யாக விழப்போய், மெய்யாகவே தலையை அடித்துக்கொண்டான். அவன் வெல்வான் என்று பந்தயம் கட்டி இழந்தவர்கள் செத்தவீட்டுக்கு வந்தும் உச்சுக் கொட்டவில்லை. விற்றுப்போட்டான் என்று முணுமுணுத்தார்கள். இரண்டு கதைகளும் ஒரே வாயிலிருந்துதான் வந்தன. அந்த வாய் மண்டபத்தின் சொந்தக்காரர் சச்சிதானந்தனுடையது. பொலிஸ்காரன் ஆஸ்பத்திரியில் அன்ரனெற்றை விசாரித்தபோது பக்கத்தில் நின்று மொழிபெயர்த்ததும் அவர்தான். போகும்போது பொலிஸ்காரன் கொடுத்த அட்டை இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தின் கீழே இருந்தது.

அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. சொல்ல வெட்கமான சந்தேகம். சண்டையன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பஸ்ரியன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

"நாலாம் ரவுண்டிலை விழட்டாம்."

"ஆர் சொன்னது?"

"சச்சியண்ணை. விழுந்தா, அம்மாவை இஞ்சை எடுக்கிற அலுவலைத் தான் பாக்கிறாராம். லோயர் எல்லாம் தன்ர ஆளாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"சோத்தைப் போடு," என்றான் பஸ்ரியன்.

அவள் சோற்றைப் போட்டாள். மீன்குழம்பை ஊற்றினாள். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஊரில், பேசாலையில் தனியாக இருக்கிற தாயை நினைத்து அவன் உருகுவது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் நினைவில்லாமல் கிடந்தபோது, கைகள் ஊசியும் கட்டுமாக இருந்தன. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்தீங்களா, விழுத்தினவங்களா என்று அந்த முகத்தைக் கேட்டபடியே இருந்தாள். அது வாய் திறக்காமலே போய்விட்டது.

இப்போது பட்டி சொல்லியிருந்தது. அவள் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பட்டிகளைக் கைப்பையில் வைத்தாள்.

"அம்மா," என்றாள் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த ஸ்டெபனி. "அப்பா சீற் பண்ணித் தோத்தவரா? சேர்ச்சிலை ஒரு கேர்ள் சொன்னவ."

"இல்லை."

"ஷுவர்?"

"ஓம். வா, காட்டுறன்."

மலர்ச்சாலையில் இன்னும் சனம் வரவில்லை. கமராக்காரன் சீமோன் மட்டும் முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தான். ரொறன்ரோவில் நம்மவர் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் கமரா இல்லாமல் காரியம் நடக்காது. கலியாணக் கசெற்றின் கொப்பி லண்டனுக்கும், செத்தவீட்டுக் கசெற்றின் கொப்பி ஊருக்கும் போகும். பஸ்ரியனின் தாய் மகனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப்போவதும் இந்தக் கசெற்றில்தான். பக்கத்து வீட்டில் ஜெனரேற்றரைப் போட்டுத் தெருவே கூடியிருந்து பார்க்கும். மண்டபத்தில் நடக்கிற சண்டைகளைப் படம் பிடிப்பவனும் இதே சீமோன்தான். அன்றைய சண்டையையும் அவன்தான் எடுத்தான். கேட்டபோது, கசெற்றில் ஒன்றும் விழவில்லை, கமராவுக்குள் படத்தைப் பதிகிற ஹெட் ஊத்தை என்று சொல்லியிருந்தான்.

"ஹெட்டைத் துடைச்சுப்போட்டே வந்தனீ?" என்று கேட்டாள் அன்ரனெற்.

சீமோனுக்கு முகம் சிவந்தது. "ஓம் அக்கா," என்றான் வயரைப் பார்த்துக்கொண்டு.

பெட்டிக்குள் பஸ்ரியன் நல்ல வடிவாக இருந்தான். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காகத் தலை இழுத்ததில்லை. கடல்நீலக் கோட், மெழுகுப் பூச்சு, நெஞ்சில் குவித்த கைகள், கைகளில் வெள்ளைக் கையுறை, அதைச் சுற்றிச் செபமாலை. செத்தவருக்கு வெள்ளைக் கையுறை போடுவது ஊர் வழக்கம்தான். அவளுடைய தகப்பனுக்கும் போட்டார்கள். ஆனால் அவள் கொடுத்துவிட்ட உடுப்புப் பையில் கையுறை இருக்கவில்லை.

மலர்ச்சாலைப் பெண்ணைக் கூப்பிட்டு விரலால் காட்டினாள். அந்தப் பெண், ஒரு ஐயா நேரில் கொண்டுவந்து தந்தார், குடும்பத்தின் விருப்பம் என்று சொன்னார் என்றாள். எந்த ஐயா என்று அன்ரனெற் கேட்கவில்லை. 

"நோ குளோவ்ஸ்," என்றாள்.

அந்தப் பெண் தயங்கினாள். கைகளுக்குப் பூச்சுப் பூசவில்லை, பார்க்கக் கஷ்டமாக இருக்கும் என்றாள்.

"ஐ ஆம் த வைஃப். நோ குளோவ்ஸ்."

பிறகு அவளே குனிந்தாள். செபமாலையைக் கழற்றித் தன் மணிக்கட்டில் போட்டுக்கொண்டாள். விறைத்த விரல்களிலிருந்து துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். பனிக்காலத்தில் நித்திரையாகிப்போன ஸ்டெபனியின் கையுறையைக் கழற்றுவதுபோல ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். கை குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர் அவளை உலுப்பியது, ஆனாலும் விடவில்லை.

வலது கை வெளியே வந்தது. முட்டிகள் நாலும் வீங்கிக் கறுத்திருந்தன. நடுவிரல் முட்டியில் தோல் பிளந்து காய்ந்திருந்தது. இடது கையும் குறைவில்லை. நான்கு நாளாக அவள் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அந்த இடத்திலேயே இறங்கியது. அவளுக்கு அழுகை வரவில்லை. அவன்மேல் கோபம்தான் வந்தது. விழமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனுசன். சோற்றைப் போடச் சொன்னானே!

கையுறைகளைக் கைப்பையில் போட்டுவிட்டு, வலது கையை மேலே வைத்து, முட்டிகள் தெரிகிறபடி செபமாலையைச் சுற்றினாள். ஸ்டெபனியைத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்தியா? பொய்க்கு அடிபடுறவைக்குக் கை இப்பிடி வராது."

பிள்ளை தன் கையைப் பொத்திப் பார்த்துவிட்டு மறுபடியும் தகப்பனின் கையைப் பார்த்தது.

சனம் வரத் தொடங்கியது. முன்வரிசையில் கிறிஸ்துநாயகம் அங்கிள் செபமாலை சொல்ல ஆயத்தமாக இருந்தார். சச்சிதானந்தன் ஆளுயர மலர்வளையத்தோடு வந்தார். கலியாணம் என்றால் முதற் பந்தியிலும் செத்தவீடு என்றால் பெட்டியைத் தூக்குகிற முதற் தோளிலும் நிற்கிற மனிதர். இரங்கல் உரையும் அவரே பேசுவதாக இருந்தது. பேச்சு கோட்டுப் பொக்கற்றில் மடித்து இருந்தது. வளையத்தைச் சாத்திவிட்டுப் பெட்டியைக் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றார். பிறகு அன்ரனெற்றின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, கையுறை எங்கை?"

"கழட்டிப்போட்டன் அண்ணை."

"எங்கட வழக்கமல்லோ?"

"வழக்கம்தான். இவருக்குத் தேவையில்லை."

"சனம் பாக்கிறதுக்கு வடிவில்லைப் பிள்ளை."

"நான் வடிவுக்கு வைக்கேல்லை."

சச்சிதானந்தன் சிரித்த மாதிரி ஒன்று செய்தார். ஆறுதல் சொல்பவர்போல அவள் தோளில் கை வைத்தார். "உமக்கு இப்ப மனம் சரியில்லை. விளங்குது. மாமியை எடுக்கிற அலுவலை நான் விடேல்லை. அதை நான் பாக்கிறன். நீர் உதை மூடிவிடும். பொலிஸ் படியிலை விழுந்தது எண்டு எழுதி முடிச்சிட்டான். ஏன் வீணா?"

அவள் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள். மாமியின் முகம் ஒரு கணம் வந்து போனது. ஆம் என்று தலையாட்டினால் மாமி வரக்கூடும். வந்து, மகன் விழுந்தான் என்ற பொய்க்குக் கிடைத்த விசாவில் இருந்து, மகனை விற்றவன் என்று பேசுகிறவர்களோடு கோயிலுக்குப் போகவும் கூடும். அன்ரனெற் குரலைத் தாழ்த்தவில்லை.

"படியிலை விழுந்தவர் படியை ஏன் அண்ணை குத்தினவர்?"

மலர்ச்சாலையில் பேச்சு நின்றது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். சண்டையைப் பார்த்தவர்கள் அங்கே குறைந்தது பத்துப் பேராவது இருந்தார்கள். பத்துப் பேரும் சப்பாத்தைப் பார்த்தார்கள். கிறிஸ்துநாயகம் அங்கிளின் விரல் செபமாலையின் ஒரே மணியிலே நின்றது. சச்சிதானந்தனிடம் வேலை செய்பவர்கள், அவரிடம் வாடகைக்கு இருப்பவர்கள், அவருடைய மண்டபத்தில் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு நாள் எடுத்தவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு கட்டுப்பாடு. அன்ரனெற்றுக்கு அவர்கள்மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவள் அவர்களிடம் எதையும் கேட்கவில்லை. கமராப் பக்கம் திரும்பினாள்.

"சீமோன். கிட்ட வா. மாமிக்குக் கையைக் காட்டு."

சீமோன் அசையவில்லை.

"சீமோன், லைற்றை நிப்பாட்டு," என்றார் சச்சிதானந்தன். "குடும்பத்தின்ர துக்கம். உதெல்லாம் எடுக்கப்படாது."

"குடும்பம் நான்," என்றாள் அன்ரனெற். "எடு."

சீமோன் கமராவை முக்காலியிலிருந்து கழற்றித் தோளில் வைத்தான். பிறகு பெட்டிக்குக் கிட்ட வந்தான். முகத்தில் தொடங்கி, கோட்டுப் பொத்தான்கள் வழியாக இறங்கி, கையில் கொண்டுவந்து நிறுத்தினான். சிவப்புப் பொட்டு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. செத்தவீட்டுக் கமராக்காரர்கள், இவர் மூத்த மச்சான், இவர் சின்னையா என்று மைக்கில் சொல்வது உண்டு. தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஆள் விளங்க வேண்டுமே. சீமோனும் அதே குரலில்தான் சொன்னான்.

"பெரியம்மா, இது பஸ்ரியன் அண்ணையின்ர வலது கை. நாலாம் ரவுண்டிலை விழச் சொன்னவை. விழேல்லை." செருமிக்கொண்டான். "ஆறாம் ரவுண்டு முடிஞ்சு மணியடிச்சாப்பிறகு அவையின்ர ஆக்கள் பின்னாலை நிண்டு பிடரியிலை அடிச்சவங்கள். நான் பாத்தனான். நான்தான் கமரா பிடிச்சனான்."

சச்சிதானந்தன் ஓரடி முன்னால் வைத்தார். கிறிஸ்துநாயகம் அங்கிள் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவருக்கும் கமராவுக்கும் இடையில் வந்து நின்றார். பெட்டிக்குள் குனிந்து அந்த முட்டிகளில் முத்தமிட்டுவிட்டு ஒதுங்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார். பிறகு கதிரைகள் ஒவ்வொன்றாக உரசுகிற சத்தம் கேட்டது.

அன்ரனெற் கைப்பையைத் திறந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்தாள். மடித்து, சச்சிதானந்தனின் கோட்டுப் பொக்கற்றில் அவருடைய பேச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்கட சாமான் அண்ணை."

அன்று பெட்டி தூக்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இரங்கல் உரையும் இருக்கவில்லை. சவக்காலையில் குழியோரம் மண் உறைந்து கிடந்தது. எல்லாம் முடிந்து கார்களுக்குத் திரும்பும்போது சீமோன் அவள் பக்கத்தில் நடந்து வந்தான்.

"அண்டைக்குக் கசெற்றை அவர் பறிச்சுப்போட்டார் அக்கா. அண்ணைக்கு ரிங் உடுப்பை மாத்திவிடச் சொன்னவர். பட்டியையும் எறியச் சொன்னவர்." அவன் கமராப் பையை மற்றத் தோளுக்கு மாற்றினான். "நான் பொக்கற்றுக்குள்ளை வைச்சுவிட்டனான். நீங்கள்தானே கழுவுறனீங்கள்."

அவள் தலையாட்டினாள். நன்றி சொல்லவில்லை. கொஞ்சத் தூரம் போனபிறகு, "நாளைக்கு என்னோடை பொலிசுக்கு வருவியோ?" என்று கேட்டாள்.

"வருவன்."

வீட்டில், காலையில் நிரப்பிய தண்ணீர் தொட்டியில் அப்படியே இருந்தது. நுரை அடங்கி ஆறிப்போயிருந்தது. அன்ரனெற் அடைப்பை இழுத்துவிட்டாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து பொலிஸ்காரனின் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். கைப்பையிலிருந்து பட்டிகளை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"வோஷ் பண்ணேல்லையா?" என்று கேட்டாள் ஸ்டெபனி.

"இல்லை."

பிள்ளை எதிரே கதிரையை இழுத்துப்போட்டு ஏறி இருந்தது. தாய் வலது பட்டியை எடுத்து, நுனியை மடித்து, இறுக்கமாகச் சுருட்டத் தொடங்கினாள். மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இடது பட்டியை எடுத்துச் சுருட்டினாள்.