குடிக்காத தண்ணீர்

கல்யாணமாகி ஏழாவது மாதத்தில் நிலவன் தன் மனைவி அனுப்பிரியாவை மலையேற அழைத்துப் போனான். அடிவாரத்துக் குரங்கணியிலிருந்து மலையுச்சியில் இருக்கும் டாப் ஸ்டேஷன் வரைக்கும் நடை. கூட அவனுடைய சிநேகிதர்கள் வினோத்குமாரும் ஜோசுவாவும், வனத்துறை அனுமதியோடு வந்த வழிகாட்டியும். பெண் என்று அவள் ஒருத்திதான்.

நிலவன் கைப்பந்து ஆடியவன். ஏற்றத்தில் கால் பிடித்துக்கொண்டால் என்ன பாடு என்று அவனுக்குத் தெரியும். அதனால் ஒரு மாதமாகவே தங்கள் ஊர் சிலமலையின் கண்மாய்க்கரையில் அவளைச் சாயங்காலங்களில் நடக்க வைத்தான். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டிவிடச் சொல்லிக்கொடுத்தான். கிளம்பும்போது அவள் பையில் வாழைப்பழமும், உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரும் வைத்தான்.

அனுப்பிரியா போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் ஒரு காபி குடித்தால், சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்க மாட்டாள். படிக்கிற காலத்தில் கழிப்பறைக்குப் பயந்து வந்த பழக்கம். இதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

கீழே காப்பித் தோட்டத்தில் ஆட்கள் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் நினைத்த இடத்தில் ஒரு மரத்துப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். அவள் வாயை மட்டும் நனைத்துக்கொண்டு நடந்தாள். மரங்கள் முடிந்து வெறும் புல்மேடு தொடங்கியபோது வெயில் நேராக முகத்தில் அடித்தது. கொஞ்ச தூரம் ஏறியதும் இடது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நிலவன் ஷூவைக் கழற்றி, முழங்காலை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, கால்விரல்களை அவள் பக்கமாகத் தள்ளினான்.

"விடுங்க, உயிர் போகுது."

"மடக்கிராத. நீட்டியே வச்சிரு. இப்ப விட்டுரும்."

கல் மாதிரி உருண்டிருந்த சதை மெல்ல இளகியது. அவன் உள்ளங்கையால் இதமாகத் தடவிவிட்டான்.

"தங்கச்சிக்கு நடந்து பழக்கம் பத்தல மாப்ளே," என்றான் வினோத்குமார்.

"நானும் சொல்லிப் பாத்தேன். சோலி இருக்கு, சோலி இருக்குன்னு பாதி நாளு வரவே இல்ல."

அது உண்மையில்லை. அந்த ஒரு மாதத்தில் அவள் தவறவிட்டது ஒன்றிரண்டு நாள் இருக்கும். ஆனாலும் அவள் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்து நடந்தாள்.

அடுத்த ஏற்றத்தில் தொடை பிடித்தது. இந்தத் தடவை அழுதுவிட்டாள். மற்றவர்கள் சற்று மேலே போய் நின்றிருந்தார்கள். வலி அடங்கியதும் நிலவன் அவள் பையைத் தான் சுமக்கலாம் என்று தூக்கினான். கனத்தது. திறந்து பார்த்தால் பாட்டில் கழுத்துவரை அப்படியே இருந்தது.

"ஏன் அனு குடிக்கல? நல்லாயில்லையா?"

அவள் புல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "குடிச்சா ஒதுங்கணும். கீழ தோட்டத்துல ஆளுக. இங்க மறைவுக்கு ஒரு செடிகூட இல்ல. நீங்க நாலு ஆம்பளைக."

காலையிலிருந்து தான் எத்தனை முறை ஒதுங்கினோம் என்று அவனுக்கே நினைவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சொல்ல? உங்க கூட்டாளிக ஒட்டியே வர்றாக."

அவன் மேலேறிப் போய் அவர்களிடம் பேசினான். மூவரும் மேட்டைத் தாண்டி மறைந்தார்கள். திரும்பி வந்து, சரிவில் ஒரு பாறையைக் காட்டி, "மெதுவா போ. நான் பாதையைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன், திரும்ப மாட்டேன்," என்றான்.

வந்து உட்கார்ந்து அவள் தண்ணீர் குடித்தாள். ஒரேயடியாகக் குடித்தால் வயிறு புரட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னான். பிறகு நின்று நின்று ஏறினார்கள். தொடையில் நோவு இருந்தது. ஆனால் மறுபடி பிடிக்கவில்லை.

உச்சியில் டீக்கடையில் மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

"என்ன தங்கச்சி, ஷூ சரியில்லையா?" என்றான் வினோத்குமார்.

நிலவன் வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள். "ஷூ நல்லாத்தான் இருக்குண்ணே. ஒதுங்க எடமில்லைன்னு தண்ணி குடிக்கல. அதான்."

ஜோசுவா டீ கிளாசைப் பார்த்துக்கொண்டான்.

"அவ ஒழுங்காத்தான் நடந்து பழகுனா. நான் சொன்னதுதான் தப்பு," என்றான் நிலவன்.

வினோத்குமார் மிச்ச டீயைக் குடித்து முடித்தான். "போன வருஷம் எங்க அக்காவ இதே பாதையில கூட்டியாந்தேன். அவளுக்கும் கால் இழுத்து, பாதியிலேயே திரும்பிட்டோம். உடம்பு கனம்னு வீட்டுல எல்லாருமாக் கேலி பண்ணோம். பெறகு அவ எங்கயும் வரல." கிளாசை வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடிக் கடைக்கு வெளியே போனான்.

அனுப்பிரியா எதிர் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு, கடைக்காரரிடம் இன்னொரு டீ கேட்டாள்.