மாலை போட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

ஐம்பத்தேழாம் ஆண்டு, புதுக் காய்ச்சல் நாட்டுக்குள் நுழையவே இல்லை என்று அரசாங்கம் ரேடியோவில் அறிவித்த காலையில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பாதி ஆளைக் காணோம். மீதிப் பாதி இருமிக்கொண்டிருந்தது. அரசாங்கமே இல்லை என்று சொன்ன பிறகும் இருமுவது வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்குச் சரியாகப் படவில்லை. கொஞ்சம் மரியாதையாக இருமச் சொன்னார்.

தோட்டத்து டிஸ்பென்சர் சிவசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவரிடம் மிச்சமிருந்தது ஒரு ஜாடி இளஞ்சிவப்பு மிக்சர். தினமும் தண்ணீர் ஊற்றி ஊற்றி, ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தால்தான் நிறம் தெரிந்தது. தொழிலாளர் வீட்டு வரிசைகளில் பத்தாம் லயத்து வேலாயிக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விசிலடித்தது. பென்சிலின் போடாவிட்டால் அவள் பிழைப்பது கஷ்டம். சிவசாமியின் அலமாரியில் ஊசி இருந்தது, பென்சிலின் இல்லை.

தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய் நின்றார். வராத காய்ச்சலுக்கு மருந்து வாங்கியதாகக் கம்பெனிக்கு எப்படி எழுதுவது என்று துரை கேட்டார். சிவசாமியே கொழும்புக்குத் தந்தி அடித்தார். மருந்து வரவில்லை, படிவம் வந்தது. நோயாளியின் பெயர், வயது, பிரஜாவுரிமைச் சான்றிதழ் இலக்கம். இலக்கம் இல்லாதவரைச் சேர்க்கக் கூடாது என்று அடியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு.

சிவசாமி லயம் லயமாக ஏறி இறங்கினார். மூன்று தலைமுறையாக அந்த மலையில் கொழுந்து பறிக்கிற சனம். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு வருஷக் கணக்காகக் காத்திருக்கிற சனம். நூற்று எண்பது பேருக்குக் காய்ச்சல். இலக்கம் ஒருவருக்கும் கிடையாது. அப்போது அவர் பொய் எழுதப் பழகியிருக்கவில்லை. படிவத்தின் விதிப்படியே ‘நோயாளிகள்: இல்லை’ என்று நிரப்பி அனுப்பினார். மருந்து கேட்ட தோட்டத்தில் நோயாளியே இல்லையா என்று யாராவது சந்தேகப்பட்டு வருவார்கள் என்று ஒரு நப்பாசை.

வரத்தான் வந்தார்கள். மற்றத் தோட்டங்கள் படிவத்துக்குப் பதிலே போடாததால், நோயாளி இல்லை என்று எழுத்தில் தந்த ஒரே தோட்டம் ஊசிப்பாறைதான். அதற்கு ‘நோயற்ற தோட்டம்’ என்று சான்றிதழ் கொடுக்க ஒரு விசேட அதிகாரி வந்து இறங்கினார். இராமையாக் கங்காணி மாலை போட்டார். அதிகாரி முன்பு ஹட்டனில் வேலை பார்த்தவர். தமிழ் நன்றாகவே வரும். ஆகவே நிறையப் பேசினார். கிருமியைத் துறைமுகத்திலேயே மடக்கிவிட்டதை, ஏதோ அதன் கழுத்தைத் தானே பிடித்ததுபோல வர்ணித்தார். கூட்டத்தில் எவராவது இருமினால் மேளக்காரன் மூக்கன் தன் தப்பை ஓங்கி அடிக்கவேண்டும் என்பது கண்டாக்கையாவின் ஏற்பாடு. தன் பேச்சுக்குத்தான் தப்படிக்கிறார்கள் என்று அதிகாரி இன்னும் அரை மணி நேரம் நீட்டினார். கடைசியில் மூக்கனுக்கே இருமல் வந்தபோதுதான் தப்பு நின்றது, பேச்சும் நின்றது.

துரையின் பங்களாச் சாப்பாடு பிடித்துப்போய் அதிகாரி இரண்டு நாள் தங்கினார். மூன்றாம் நாள் நூற்று மூன்று டிகிரியில் படுத்துக்கொண்டு, இது வெறும் மலைக் குளிர் என்றார்.

“அப்ப சரிங்க ஐயா. காய்ச்சல் இல்லேன்னா மருந்தும் வேணாம். காலையில ஹட்டன்ல ரயில் இருக்கு,” என்றார் சிவசாமி.

அதிகாரி எழுந்து உட்காரப் பார்த்தார். பங்களா சுற்றியது. “மருந்து வேணும். ஆனா இந்தத் தோட்டத்துல நோய் இல்ல. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“தோட்டத்துல இல்லீங்க ஐயா. நீங்க கொண்டாந்தீங்க.”

அதிகாரி படுத்தபடியே கணக்குப் போட்டார். தோட்டத்தில் காய்ச்சல் என்றால் தப்பு அவருடையது. கொழும்பிலிருந்து வந்த காய்ச்சல் என்றால் தப்பு அரசாங்கத்துடையது. அரசாங்கத்துக்குப் பென்ஷன் பற்றிய கவலை கிடையாது. சிவசாமி எழுதி நீட்டிய தந்தியில் கையெழுத்துப் போட்டார்.

நாட்டின் ஒரு பிரஜைக்குக் காய்ச்சல் என்றதும் கொழும்பு துள்ளி எழுந்தது. மறுநாளே கொழும்பு அனுப்பிய ஆள் கையில் வேறொரு படிவம் வந்தது: நோயாளியோடு தொடர்புபட்டவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் மருந்து வரும். பெயர், வயது, தொடர்பு ஏற்பட்ட விதம். சிவசாமி அதை முன்னும் பின்னும் மூன்று தரம் புரட்டினார். அவசரத்தில் அடித்த படிவம். பிரஜாவுரிமைக் கட்டமே இல்லை. மத்தியானச் சோற்றை மறந்து எழுதினார். அதற்குள் காய்ச்சல் கண்டவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேராகியிருந்தார்கள்; அத்தனை பெயரும். தொடர்பு ஏற்பட்ட விதம், எல்லோருக்கும் ஒன்றே: மாலை அணிவித்தார்.

அதிகாரி காய்ச்சல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “இத்தனை பேரா?”

“ஐயா மேல அவ்வளவு மரியாதைங்க.”

இருக்கும் என்றே அதிகாரிக்கும் தோன்றியது. கையெழுத்துப் போட்டார்.

அதற்கு இரண்டாம் நாள் லொறி வந்தது. மாத்திரை, மிக்சர், பென்சிலின் எல்லாம் பெட்டி பெட்டியாக இறங்கின. சிவசாமி முதல் ஊசியை எடுத்துக்கொண்டு பத்தாம் லயத்துக்கு ஓடினார். ஊசி போட்ட ஐந்தாம் நாள் வேலாயி எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டாள். யாராவது விசாரிக்க வந்தால் அதிகாரிக்கு மாலை போட்டதாகச் சொல்லவேண்டும் என்று அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

“நானா? நா மூச்சு விட முடியாமல்ல கெடந்தேங்க. மாலய எங்கிட்டுப் போட்டேன்?”

“போட்ட. கவுருமெண்டு காயிதத்துல இருக்கு.”

வேலாயி யோசித்தாள். “என்னா பூவுன்னு கேட்டா?”

சிவசாமி அதை யோசித்திருக்கவில்லை. செவந்தி என்றார். வேலாயிக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய ஆளுக்குத் தான் ரோசாப்பூ மாலைதான் போட்டதாகச் சொல்லிவிட்டு, ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.