புது கிட்டாரில் பழைய சத்தம்

திவாகர் அண்ணனின் கிட்டாரை அவரோடு சவப்பெட்டியில் வைத்து அனுப்பியது நான்தான். செத்தவர் ஆசையாக வைத்திருந்த பொருளைக் கூடவே அனுப்புவது எங்கள் வழக்கம். "அது இருக்கட்டுமே தம்பி," என்று அவர் மனைவி பவானேஸ்வரி அண்ணி மெதுவாகச் சொன்னார். நான் பெரிய மனுஷன் மாதிரி சத்தம் போட்டு வைக்கச் சொன்னேன். அவரோடு சேர்ந்து அதுவும் எரிந்தே போய்விட்டது. அதற்குப் பிறகு அண்ணி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அது நடந்தது தொண்ணூற்று மூன்றில். அதன் பிறகு ஒரு வருடம், புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில் ஓவர்டைம் இல்லாத சனிக்கிழமையெல்லாம் கடை கடையாக அலைந்தேன். யாரோ வாசித்த பழசை அண்ணிக்குக் கொடுக்க மனம் வரவில்லை. புதுசு வேண்டும், ஆனால் அண்ணன் கிட்டாரின் அந்தப் பழைய சத்தம் வேண்டும். மலாக்கா டவுனில் தொங்கியதெல்லாம் பளபளவென்று இருந்தது. கம்பியைத் தட்டினால் கண்ணாடி டம்ளர் சத்தம்.

"சத்தம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் ஒரு கடைக்காரர்.

"நல்லா இருக்குறதுதான்லா பிரச்சனை!" என்று கத்திவிட்டு வந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கண்ணை மூடினால் போதும், செம்பனை மரங்களுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் மிதந்து வரும். பல நாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

கடைசியில் பெம்பான் என்ற ஊரில் கிடைத்தது. மழைக்கு நான் ஒதுங்கிய மரச்சாமான் கடையில், சீன முதலாளி தானே ஒரு கிட்டார் செய்து மாட்டியிருந்தார். மேல்பலகை, இடித்த வீட்டின் கதவாம். ஒரு கம்பியை இழுத்தேன். அடடா! அண்ணன் குளித்துவிட்டுக் கைலியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. மழை விட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே குருபோங்கில் இருந்த அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணன் தினமும் வாசித்த பாட்டை எடுத்தேன். நான் கிளாஸுக்குப் போய்க் கற்றவன். ஒரு சுரம் பிசகாமல் வாசித்தேன். அண்ணி கையில் கரண்டியோடு வந்து நின்றார்.

"சத்தம் அதேதான் தம்பி," என்றார். கண் நிறைந்திருந்தது. "ஆனா இது அவரு இல்ல. அவரு எப்பவும் தப்புத் தப்பாத்தானே வாசிப்பாரு."

என் முகம் சுண்டிப்போயிற்று. கிட்டாரைக் கீழே வைக்கப் போனேன்.

"வைக்காதீங்க. கொஞ்சம் தப்பா வாசிங்களேன்."

எங்கே தப்பு விடுவது என்று தெரியாமல் விழித்தேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டை முணுமுணுத்தார். ஒவ்வொரு தப்பு வரும் இடத்திலும் என் முழங்கையைத் தொட்டார்.